முன் இருக்கையில் யாரும் இல்லை

மத்தியானம் இரண்டரை மணி. ஆளில்லாத ரோடு. இரண்டு பக்கமும் மூடிக்கிடக்கும் கோடவுன்கள்... ஒரு நாய்கூட இல்லை. பேய்க்கதைக்கு இது என்ன நேரம் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். கரண்ட் வருகிறவரை உங்களுக்கும் வேறு வேலை இல்லை. படிக்கட்டில் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மேல்வீட்டக்கா, அந்த மெழுகுவர்த்தியை இப்படித் தள்ளி வையுங்கள்.

அந்த ரோட்டில் தனியாகக் கார் ஓட்டி வந்தவர் என் தையல்கடைத் தோழியின் நாத்தனார் புருஷன். இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. வீட்டுக்குள் அவருக்கு 'ஆதாரம்' என்று பட்டப்பெயர். மாமியார் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாலும், "ஆதாரம் இருக்கா அத்தை?" என்று கேட்கிற ஜென்மம்.

அவர் பிழைப்பு என்னவென்று தெரிந்தால்தான் கதை பிடிபடும். வண்டியில் போய் அடிபட்டவருக்கு, தப்பு யார் மேல் இருந்தாலும், அந்த வண்டியின் இன்சூரன்ஸ் வைத்தியச் செலவைக் கொடுத்தாக வேண்டும். சட்டம் அப்படி. ஓட்டியவன் குடித்தானா, எதிரே வந்தவன் தூங்கினானா... எதையும் கிளற முடியாது. அதனால் இவர் ஒன்றையே பிடித்துக்கொள்வார். "நீங்க அந்த வண்டியில இருந்தீங்களா?"

சலவைக்கூடத்து வேன் ஒன்று கவிழ்ந்தது. டிரைவர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். பின்னால் இருந்தவர்கள் வேலை முடிந்த அசதியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் யார் ஏறினார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஏறியிருந்தவள் இஸ்திரி போடுகிற பெண். ஒரு கால் நசுங்கிவிட்டது. கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஆதாரம் வார்டுக்குப் போனார்.

"முன் சீட்லதான் சார் இருந்தேன். கால் அங்கதான் மாட்டிச்சு," என்றாள் அவள்.

"ஆதாரம் இருக்காம்மா?"

அவள் போர்வையை விலக்கினாள். கட்டுத்துணியைத் தாண்டி மஞ்சள் நீர் மெத்தையில் ஊறியிருந்தது. பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் வருமே... அந்த வாடை. அதன்மேல் பினாயில் தெளித்த மாதிரி. இவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாராம்: "இது காலும்மா. ஆதாரம் இல்ல."



பிறகு, உடைந்த வேனை நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனார். முன் சீட் பெல்ட் தொங்கியது. கொக்கியில் ஒரு கொத்து நீள முடி, தோலோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அதைப் பிய்த்து எறிந்தார். பெல்ட்டை இழுத்து, காலிச் சீட்டின் முதுகோடு சேர்த்துப் பூட்டிப் போட்டோ எடுத்தார். முன் சீட்டில் மூட்டை வைத்தால்கூடப் பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தும். அந்தத் தொல்லைக்காக டிரைவர்கள் இப்படிப் பூட்டி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆக, அந்தச் சீட்டில் இருந்தது சலவை மூட்டை, இந்தப் பெண் வண்டியிலேயே இல்லை என்று கோர்ட்டில் சாதித்தார். வாய்தா மேல் வாய்தா போனது. கால் அழுகி மேலே ஏறியது. தீர்ப்பு கம்பெனி பக்கம் வந்த அன்று காலை, அவள் போய்ச் சேர்ந்தாள்.

அந்தக் கோர்ட்டிலிருந்து திரும்பும்போதுதான் மத்தியானம் இரண்டரை.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. சீட்டில் இருந்த பையை எடுத்துப் பின்னால் எறிந்தார். சீட் காலி. டிங்... டிங்... கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருந்தது. ஆனாலும் மெல்ல அந்த வாடை வந்தது... எலி, பினாயில்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஓட்டிக்கொண்டே கையை நீட்டி அந்தப் பெல்ட்டை இழுத்தார். பூட்டிவிட்டால் சத்தம் அடங்கிவிடும் என்ற தொழில் புத்தி. பாதியில் நின்றது. நடுவில் ஏதோ தடுத்தது. பலமாக இழுத்தார்... சளக் என்று ஈரத்தில் அழுந்துகிற சத்தம். கொக்கி விழுந்தது.

டிங் நின்றது.

ஆனால் பெல்ட் சீட்டில் படியவில்லை. ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது. மெதுவாக ஏறியது... இறங்கியது... ஏறியது.

காரை நடுரோட்டில் விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்குள் அந்தப் பெண்ணின் புருஷன் அப்பீலுக்குப் போய்விட்டான் என்று தகவல் வந்தது.

"போய் உண்மையைச் சொல்லிடுங்க. அந்தாளுக்கு ஆஸ்பத்திரிக் கடனாவது தீரட்டும்," என்றாள் மனைவி.

"சொன்னா என் வேலையை நீ குடுப்பியா?"

"அவ இருந்தான்னு நீங்களே உங்க கண்ணால பாத்தீங்களே."

"அதுக்கு ஆதாரம் இல்லடி."

அப்பீலிலும் அதையே சத்தியம் பண்ணினார். முன் இருக்கையில் யாரும் இல்லை. புருஷன்காரன் வெறுங்கையோடு போனான். இவர் காரைக் கழுவி, உள்ளே சென்ட் அடித்து, அடுத்த வாரமே விற்றுவிட்டார்.

யாருக்கு என்று கேளுங்கள். நம் கீழ்வீட்டு பேங்க்காரருக்கு. வாசலில் நிற்கிற அந்தச் சாம்பல் நிற வண்டிதான். எனக்கே இன்றைக்குத்தான் தோழி சொல்லித் தெரியும்.

பேங்க்காரருடைய மாமியாருக்குக் கண் தெரியாது அல்லவா. முட்டிவலிக்காரர். முன்னால் தாராளமாகக் காலை நீட்டிக்கொள்ளுங்கள் என்று மாப்பிள்ளை தலையால் அடித்துக்கொண்டாலும் கேட்பதில்லை. முன்கதவைத் திறப்பார், சீட்டைத் தடவிப் பார்ப்பார், கையை உதறித் துடைத்துக்கொண்டு பின்னால் போய் ஒடுங்கி உட்காருவார். வீம்பு என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் அடக்க முடியாமல் கேட்டே விட்டேன். "ஏன் பெரியம்மா, முன்னாடி உக்காந்தா என்ன?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாவம், அந்தப் பொண்ணை எப்படிம்மா எழுப்புறது? அந்தக் காலை யாராவது ஒரு டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?"