ஒன்றும் கீறாத படம்: சிங்கச் சுவடு காட்டிய தபோதரன் அவர்களுக்கு விடைதரும் மடல்

சுவடு கண்டு சொல்லும் சீராளரே! சொன்ன சொல்லில் சறுக்காத செம்மலே! புல்லின் சாய்விலும் புழுதியின் சூட்டிலும் போன உயிரின் போக்கறிந்த புலமையாளரே! சேர்வயர் தியாகராசாவின் இளைய பிள்ளையாய்ப் பிறந்து, எங்கள் பயண நிறுவனத்தின் மூத்த வழிகாட்டியாய் இருபத்திரண்டு ஆண்டு நடந்து, இன்று அறுபத்தாறாம் வயதில் நடைச் சப்பாத்தைக் கழற்றி வைக்கும் தபோதரன் அவர்களே! வணக்கம்.

ஓய்வு பெறுகிறவரின் குணங்களைச் சொல்லி, சேவையைப் புகழ்ந்து, வாழ்த்தி முடிப்பது இத்தகைய மடலின் வழக்கம். இந்த மடலும் அதைச் செய்யும். ஆனால் ஜேர்மனியின் இந்த ஹம் நகரத்தில் ஓர் ஆண்டாக ஒரு சொல் உலாவுகிறது. "தபோ சிங்கத்தை வித்துப்போட்டான்" என்ற சொல். கோயில் தேரன்று அன்னதான வரிசையில் உங்கள் காதுபடவே அது சொல்லப்பட்டது. நீங்கள் தட்டை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். மறுமொழி சொல்லவில்லை. அந்த மறுமொழி இன்று இந்த மண்டபத்தில் வாசிக்கப்பட வேண்டும். ஆகவே சற்று நேரம் உங்களை விட்டுச் சபையைப் பார்த்துப் பேசுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபையோரே,

தபோதரனின் தகப்பனார் நில அளவையாளர். யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை இல்லாத ஒழுங்கை எது? அந்தச் சண்டைகள் வழக்காகி, சேர்வயர் தியாகராசா கீறிய பிளான் நீதிமன்ற மேசையில் விரிந்தால், இரண்டு பக்கத்து அப்புக்காத்துமாரும் வாயை மூடிக்கொள்வார்கள். பிள்ளைகள் இருவருக்கும் அவர் விட்டுச் சென்றது ஒரு கட்டளை மட்டுமே: பிழையான கோட்டுக்குக் கையொப்பம் வைக்கக் கூடாது. மூத்தவள் மங்கையற்கரசி அதை நெஞ்சில் வைத்தாள். இளையவன் தபோதரன் கையில் வைத்தான்.

ஜேர்மனிக்கு அகதியாய் வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும், தபோதரனுக்கு வாய்த்தது ஒரு மிருகக்காட்சிச்சாலையில் சிங்கக் கூடு கழுவும் வேலை. தமக்கை ஊராருக்கு "தம்பி நகரசபையிலை வேலை" என்று சொன்னாள். மிருகக்காட்சிச்சாலை நகரசபைக்குச் சொந்தமானது, ஆகவே அது பொய்யில்லை. தபோதரன் சிரிப்பார். "பீ அள்ளுறனெண்டு சொல்லுங்கோவன் அக்கா. ஆட்டின்ரையே, சிங்கத்தின்ரையல்லோ!" கூட்டுக்குள் பன்னிரண்டு வருடம் சிங்கத்தின் பாதத்தைப் பார்த்தவருக்கு, அந்தப் பாதம் மண்ணில் எப்படிப் பதியும் என்று பார்க்க ஆசை வந்தது. கொழும்புக்கும் சென்னைக்கும் விமானச்சீட்டு விற்றுக்கொண்டிருந்த தமக்கையின் நிறுவனம், 2003இல் சாம்பியாவுக்கு முதற் குழுவை அனுப்பியது அந்த ஆசையால்தான்.

அங்கே சிங்கத்தைத் தேடுவது கால்நடையாக. துப்பாக்கியோடு காவலர் முன்னே போவார். அவருக்குப் பின்னே சுவடு வாசிக்கும் சக்கரியா முவாலே, அந்த ஆற்றங்கரையில் பிறந்தவர். பின்னால் ஆறு பயணிகள், ஒருவர் பின் ஒருவராக. கடைசியில் தபோதரன். முவாலே காட்டுவதை அவர் ஜேர்மனிலும் தமிழிலும் தாழ்ந்த குரலில் சொல்வார். காலடித் தடத்தில் நகம் பதியவில்லை, ஆகவே கழுதைப்புலி இல்லை. அடியின் மேலே எறும்பு ஊர்ந்த கோடு இருக்கிறது, ஆகவே இது விடியமுன் போனது. நம்மவர்கள் போனால் அவருக்கு வேலை இரட்டிப்பு. ஒருமுறை, ஐம்பது அடி தூரத்துப் புதருக்குள் பெண்சிங்கம் படுத்திருக்க, பின்னாலே கறுமுறு என்று சத்தம். தபோதரன் திரும்பாமலே சொன்னார்: "அக்கா, மிக்சர் பையை மூடுங்கோ. உது எங்களைவிடச் சிங்கத்துக்கு நல்லாக் கேக்கும்." பை மூடப்பட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் இருபத்திரண்டு ஆண்டு அவர் ஆட்களைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். இதை இந்த ஊரில் எவரும் மறுக்க இயலாது.

எங்கள் நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த நடை மட்டுமல்ல. நடை முடிந்து மதியம், முகாமின் மரநிழலில் இருந்து, தபோதரன் அன்று போன வழியைப் படமாகக் கீறுவார். திசைகாட்டியும் காலடிக் கணக்கும் கொண்டு, தகப்பன் கீறிய அதே ஒழுங்கில். ஆற்றுத்துறை, கறையான் புற்று, சிங்கம் படுத்திருந்த மரம், கண்ட நேரம். கீழே கையொப்பம், நிறுவன முத்திரை. ஒவ்வொரு பயணிக்கும் ஒரு பிரதி. ஜேர்மன்காரர் வரவேற்பறையில் மாட்டினார்கள். எங்கள் ஆட்கள் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். முதற் படம் எங்கள் நிறுவனக் கந்தோரில், வாசலுக்கு நேரே மாட்டப்பட்டது.

பத்து வருடத்துக்கு முன் முவாலே ஒருநாள் அந்தப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது கண்டவன் கைக்கும் போகும். மரத்தைக் கொஞ்சம் தள்ளிக் கீறு" என்றாராம். தபோதரன் திரும்பி வந்ததும் அதைத் தமக்கையிடம் சொன்னார். விமானச்சீட்டு மேசையில் இருந்த சுபானி முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"பொய்ப்படம் கீறவோ சொல்லுறாய்?"

"பொய்யில்லை அக்கா. படத்திலை மரத்தை ஒரு விரல் இஞ்சாலை வைச்சால் ஆருக்கு நட்டம்?"

"எங்களுக்கு நட்டம். சேர்வயர் தியாகராசான்ரை பிள்ளையள் மரத்தை இடம் மாத்திக் கீறினவை எண்டு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. முவாலேக்கு அப்பாவைத் தெரியாது. உனக்குத் தெரியுமெல்லே?"

"ஓம் அக்கா."

அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மரம் நின்ற இடத்திலேயே கீறினார்.

2019இல் அந்தப் பக்கத்துக்கு ஓர் ஆண்சிங்கம் வந்தது. முன் வலப்பாதத்தில் வெட்டு விழுந்து ஆறிய தடம். மண்ணில் எங்கே பதிந்தாலும் அந்தக் கோடு தெரியும். தபோதரன் அதை வெட்டுக்காலன் என்று கூப்பிட்டார். வரிசையாய் நிற்கும் மனிதரைக் கண்டால் அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் படுத்துக்கொள்ளும். எங்களோடு அது பழகியிருந்தது.

லூக்காஸ் என்ற பயணி மூன்று முறை வந்தவர். அமைதியானவர். கந்தோருக்கு வரும்போது கைகூப்பி வணக்கம் சொல்வார். சுபானி சுட்ட மீன் ரோல்ஸ் தின்றவர். மூன்று நடை, மூன்று படம். போன வருடம் ஐப்பசியில் அவரிடமிருந்து கந்தோருக்கு ஒரு கடித உறை வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். வெட்டுக்காலன் மண்ணில் கிடக்கிறது, அதன் பிடரியில் கை வைத்தபடி அவர் முழந்தாளில் இருக்கிறார். கூடவே இரண்டு வரி: "உங்கள் படங்கள் மிகத் துல்லியமானவை. மனமார்ந்த நன்றி."

ஆற்றின் எங்கள் கரையில் சுடக் கூடாது. மறுகரையில் அனுமதிப் பத்திரம் உள்ளவர் சுடலாம். மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சிங்கம் எந்தத் துறையால், எந்த நேரத்தில் ஆற்றைக் கடக்கிறது என்று ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். லூக்காஸ் அனுமதியோடு மறுகரையில் காத்திருந்து சுட்டார், சட்டத்தை மீறவில்லை. படத்திலும் பிழையில்லை.

தபோதரன் தன் பிரதிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். அடிமட்டத்தை வைத்து அளந்தார். பிறகு அடிமட்டத்தை உறைக்குள் போட்டுவிட்டு, "கோடு சரி அக்கா" என்றார். அவ்வளவுதான்.

புகைப்படக் கதை கந்தோரைத் தாண்டிப் போன பிறகுதான் ஊரில் அந்தச் சொல் கிளம்பியது. கோயிலில் அவர் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். "அக்கா சொல்லித்தான் அப்பிடிக் கீறினனான்" என்ற ஒரே வசனம். உண்மை அதுதான். தமக்கை அன்று அதே வரிசையில், நாலு பேர் தள்ளி நின்றாள். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வருடம் ஆனியில் அவர் தன் கடைசிக் குழுவோடு போனார். வெட்டுக்காலன் இல்லாத நிலத்துக்குப் புதிய ஆண்சிங்கங்கள் இரண்டு வந்திருந்தன. புதிதாய் வருகிறவை முதலில் செய்வது, பழையவனின் குட்டிகளைக் கொல்வது. வெட்டுக்காலனுக்கு மூன்று குட்டிகள். அன்று காலை முவாலே குட்டிகளின் அடியைப் பிடித்துக்கொண்டு போனார். தாயின் அடிக்குப் பக்கத்தில் சின்ன அடிகள். ஓர் இடத்தில் பெரிய அடிகள் குறுக்கே வந்தன. புல் உழக்கப்பட்டிருந்தது. அதற்கு அப்பால் தாயின் அடி மட்டும் போனது. முவாலே நின்றார். தபோதரன் மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை.

"திரும்புவம்" என்றார்.

ஹனோவரிலிருந்து வந்த ஒரு பெண் கேட்டார்: "அண்ணை, அடி புதுசாக் கிடக்கு. சிங்கம் கிட்டத்தானே நிக்குது?"

"ஓம். நிக்குது. நாங்கள் போவம்."

மதியம் எல்லாரும் படத்துக்குக் காத்திருந்தார்கள். அவர் ஆறு தாள் எடுத்தார். ஆறிலும் கையொப்பமிட்டார், முத்திரை குத்தினார், கொடுத்தார். தாளில் வேறொன்றும் இல்லை. ஆற்றுத்துறை, மரம், வழி ஒன்றும் இல்லை.

பயணிகளின் முறைப்பாடு அவருக்கு முன்னே ஹம் வந்து சேர்ந்தது. தமக்கை தம்பிக்கு, ஓர் அந்நியருக்குக் கொடுப்பதுபோல், நாளும் நேரமும் குறித்து டெர்மின் கொடுத்துக் கூப்பிட்டாள்.

"வெறுந்தாளிலை எங்கடை கையெழுத்தோ? அப்பா இருந்தால் என்ன சொல்லுவர்?"

"நான் பொய் கீறேல்லை அக்கா. ஒண்டும் கீறேல்லை."

அவர் முத்திரையை மேசையில் வைத்தார். "ஐப்பசியோடை நிப்பாட்டுறன். இனி என்னாலை ஏலாது."

ஆகவே சபையோரே, காதுள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். தபோதரன் சிங்கத்தை விற்கவில்லை. மரத்தைத் தள்ளிக் கீற அனுமதி கேட்டவர் அவர். மறுத்தவள் அவருடைய தமக்கை, இந்த நிறுவனத்தின் தலைவி, இம்மடலை எழுதும் மங்கையற்கரசி. குடும்பத்தின் பெயரைக் காப்பதாக நினைத்துச் செய்தாள். அந்தப் பெயருக்கு வந்த பழியை ஓராண்டு அவர் தனியே சுமந்தார். இனி எவரும் அன்னதான வரிசையில் பேசுவதானால், அவளைப் பார்த்துப் பேசுங்கள். அவள் தட்டை வைத்துவிட்டுப் போகமாட்டாள்.

தபோதரன் அவர்களே,

உங்கள் பெயரில் இருந்த கறை இன்று துடைக்கப்பட்டது. வேறு எதையும் எங்களால் சரிசெய்ய முடியவில்லை. லூக்காஸிடம் அந்த மூன்று படத்தையும் திருப்பிக் கேட்டோம். அவை தனக்குத் தரப்பட்டவை என்று எழுதியிருக்கிறார். அதுவும் சரிதான். இருபத்திரண்டு ஆண்டில் நாம் கொடுத்த மற்றப் படங்கள் எத்தனை சுவர்களில் தொங்குகின்றன என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் திருப்பித் தருவார்கள் என்றும் தோன்றவில்லை. போன கிழமை முவாலே செய்தி அனுப்பினார். புதிய ஆண்சிங்கங்களும் ஆற்றைக் கடப்பது அதே துறையால்தானாம். இதை உங்களுக்குச் சொல்லாமல் விடலாம் என்று எங்கள் பணியாளர் யூட் சொன்னார். உங்களிடம் உண்மையை மறைத்து ஒரு மடல் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

பொறுமையில் நீர் பெரியவர், சொல்லாது காத்த சொல்லில் எம் எல்லாரினும் பெரியவர். முழங்கால் நோவு தணிந்து, நல்ல நித்திரை வந்து, எந்த மண்ணையும் குனிந்து பார்க்க வேண்டாத நாட்கள் பல உங்களுக்குக் கிடைக்கட்டும். மனம் ஆறும் என்று வாழ்த்த எங்களுக்குத் துணிவில்லை. உடல் நலமாக இருக்கட்டும்.

இந்த மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். புதுச் சட்டமில்லை. கந்தோர் வாசலுக்கு நேரே இருந்த முதற் படத்தை நேற்று எடுத்து நெருப்பில் போட்டோம். அது இருந்த சட்டம்தான் இது.

மடலின் அடியில் இடமும் நாளும் எழுதிக் கையொப்பமிடுவது முறை. இந்தக் குடும்பம் இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தது போதும். அந்த இரண்டு வரியையும் வெறுமையாக விடுகிறோம்.

இடம்:

நாள்:

மங்கையற்கரசி தியாகராசா
சுபானி, யூட், கிறிஸ்ரியன்
மற்றும் நிறுவனத்தின் பணியாளர் அனைவரும்