பக்கத்து வீட்டுச் சத்தம்

அவைக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, அறை அறையாக வந்து அங்குலம் அங்குலமாக அளந்து மதிப்பெண் போட்ட பொறியாளர் ஐயா அவர்களே, முழங்கால் வலியோடும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பரிசு கிடைக்காத பாக்கியசாலிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் குடியிருப்பின் ‘சிறந்த வீட்டு அலுவலகம்’ போட்டியில் முதல் பரிசு எனக்கு. இதோ, இந்தச் சுழல் நாற்காலி. வசதியான வீட்டு அலுவலகம் அமைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். கைதட்டலைக் கொஞ்சம் கையிருப்பில் வையுங்கள். கடைசியில் தட்டத் தோன்றுகிறதா பார்ப்போம்.

வெளிச்சம் இடப்பக்கம் விழ வேண்டும் என்றார் பொறியாளர். விழுந்தது. வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றார். இருந்தது. இத்தனை அறிவு எனக்கு எங்கிருந்து வந்தது? பெரியோர்களே, ஒன்றுகூட என் மூளையில் முளைத்ததில்லை. அந்த ஜன்னலோரத்தைத் தேர்ந்தெடுத்தவள் என் மனைவி. அந்த மேசை அவள் துணி வெட்டிய மேசை. சுவரிலிருக்கும் பலகை அவள் அளவுச் சீட்டுகளைக் குத்தி வைத்த பலகை. பதினோரு வருடம் அந்த அறையில், உங்கள் பிள்ளைகளின் சீருடை உட்பட, அவள் தையல் மெஷின் தைத்துக்கொண்டே ஓடியது. அது அலுவலகம் இல்லையென்றால் எது அலுவலகம்? எல்லோரும் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? “வீட்ல சும்மா தச்சிட்டிருக்கா.” நானும் அப்படித்தான் சொன்னேன்.

நான் காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தா. இனி வீட்டிலிருந்தே வேலை என்று உத்தரவு வந்தது. என் கணினி ஜன்னலோரம் ஏறியது. அவள் மெஷின் பால்கனிக்கு இறங்கியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அந்தப் பிடாரி நான்தான். சிரியுங்கள், சிரிக்க வேண்டிய இடம்தான். அவள் சண்டை போட்டாளா? “பரவால்லங்க, மழை வந்தா மட்டும் உள்ள இழுத்துக்கறேன்” என்றாள்.

ஒரு நாள் காலைக் கூட்டத்தில் திரையிலிருந்த மேலாளர் முகம் சுளித்தார். “என்னங்க அது கடகடன்னு? உங்க வீட்லயா?”

என் மனைவி தைக்கிறாள். மூன்றே சொல். சொன்னேனா? “இல்ல சார், பக்கத்து வீட்ல ஏதோ சத்தம்” என்றேன். பால்கனிக்கும் எனக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். மெஷின் பாதித் தையலில் நின்றது.

கூட்டம் முடிந்து போய்ப் பார்த்தால், மெஷினுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். “ஏன் நிறுத்திட்ட?” என்றேன். “நிறுத்தினது பக்கத்து வீட்டுக்காரிதானங்க. உங்களுக்கென்ன?” என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குப் பிழைப்பு கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் ஒரு துணிக்கடையின் தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜன்னல் இல்லை. சாய முதுகில்லாத ஸ்டூல். தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளின் சீருடைக்கு நீங்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பொறியாளர் ஐயா, என் அறைக்கு முழு மதிப்பெண் எதற்குப் போட்டீர்கள்? அமைதிக்கு. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. “இவ்ளோ அமைதிய எப்படிங்க கொண்டுவந்தீங்க?” என்று வியந்தீர்கள். இப்படித்தான் ஐயா கொண்டுவந்தேன்.

போன வாரம் இன்னொரு உத்தரவு: எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். பரிசு பெற்ற அறை காலி. “மெஷின உள்ள வச்சிடலாமா?” என்று கேட்டேன். “வச்சு? நான் தொழில விட்டுட்டேன்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க. யாரு வருவாங்க?” என்றாள்.

இன்று அவள் வரவில்லை. கடை அடைக்க நேரமிருக்கிறது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அது பக்கத்து வீட்டுச் சத்தம் இல்லை. என் வீட்டுச் சத்தம். என் வீட்டுக்குச் சோறு போட்ட சத்தம். நான் வெட்கப்பட்ட சத்தம்; இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

நாற்காலியை எடுத்துப் போய் அவள் மெஷின் முன் போடுவேன். உட்காருவாளா, தெரியாது. நாளை மாடிப்படியில் அவளைப் பார்த்தால், தைக்கத் துணி இருக்கிறது என்று ஒருவராவது சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள். பரிசளித்த சங்கத்துக்கும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.