தெரேசம்மா போட்ட பத்து நட்சத்திரம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் யேசுதாசன் மாஸ்டர் அவர்களே! ஓப்பநாயக்கவிலிருந்து மழையில் நனைந்து மலையேறி வந்திருக்கும் பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் ஒதுக்கிவிட்டு, தேயிலைக் கொழுந்துக் கறை காயாத கைகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் என் தாய்மார்களே! நம் தோட்டத்து மேல்கணக்கு மக்களே, கீழ்கணக்கு மக்களே! உங்கள் சங்கத் தலைவன் ஐயாவுவின் வணக்கம்.

கைதட்டாதீங்க. சும்மா சொல்லலங்க, இன்னைக்கு ஒருநாள் எனக்குக் கைதட்டாதீங்க. நான் பேசி முடிச்ச பிறகு உங்களுக்கே தட்ட மனசு வராது.

இன்னும் சற்று நேரத்தில் இந்த வெள்ளைத் திரையில் ஒரு படம் ஓடப்போகிறது. தெரேசம்மாவின் மகள் அனோஜா எடுத்த படம். ஏழாம் நம்பர் மலையில் குளவி கொட்டி, ஆசுபத்திரிக்குப் போக வாகனம் கிடைக்காமல், பாதி வழியில் மூச்சடங்கிய தெரேசம்மாவை மறக்க முடியுமா? மறந்தால் நாம் மனிதர்களா? அந்தச் சாவை உலகம் பார்க்க வேண்டும் என்று, கார்மெண்ட்ஸ் வேலையை உதறிவிட்டு, இரண்டு வருடம் அலைந்து அலைந்து, அழுது அழுது எடுத்தாள் அந்தப் பிள்ளை. இரத்தினபுரியில் ஒரு தியேட்டர்காரர் ஒரு வாரம் ஓட்டித் தருகிறேன் என்றார். அதற்குமுன் இணையத்தில் போடு, மக்கள் என்ன மதிப்பெண் தருகிறார்கள் என்று பார்ப்போம் என்றார்.

படம் ஒன்றரை மணி நேரம். ஏற்றிய இருபதாவது நிமிடத்தில் அறுபது பேர் பத்துக்கு ஒன்று போட்டுவிட்டார்கள்! ஒன்றரை மணி நேரப் படத்தை இருபது நிமிடத்தில் எந்தக் கண்ணால் பார்த்தார்கள்? எந்த மனத்தால் மதித்தார்கள்? போஸ்டரில் கூடையையும் கொழுந்தையும் கண்டார்கள். "தோட்டத்துப் படமாம்" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். விரலால் ஒரு தட்டுத் தட்டினார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய விமர்சனம்.

எனக்கு இரத்தம் கொதித்தது. நீங்களும் கொதித்தீர்கள். கொதித்து நாம் என்ன செய்தோம்?

என்னங்க, எல்லாரும் தலையக் குனிஞ்சிட்டீங்க? குனியாதீங்க. முதல்ல குனிய வேண்டியவன் நான்.

நமக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. மனு என்றால் ஒருவர் எழுதுவார், ஊரே கையெழுத்து வைக்கும். வேலைநிறுத்தம் என்றால் தலைவர் ஒரு வார்த்தை சொல்வார், ஊரே உட்காரும். அந்த ஒற்றுமையை நான் இதிலும் காட்டினேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், இந்தத் தோட்டத்திலேயே சிக்னல் கிடைக்கும் அந்த ஒரே இடத்தில், தொழிலாளர் பெயர் பதியும் செக்ரோல் புத்தகத்தை விரித்தேன். ஆட்டோ ஓட்டும் சுதாகரன் கையில் இரண்டு போன். நான் பெயரை வாசிக்க வாசிக்க, அவன் கணக்குத் திறந்து திறந்து பத்துப் பத்தாகப் போட்டான். காலையில் தொடங்கி, கொழுந்து நிறுக்கும் வேளைக்குள் நூற்று நாற்பது பேர்! அதில் படம் பார்த்தவர் எத்தனை பேர் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. நானே பார்த்திருந்தேனா? இல்லைங்க. மாதா சத்தியமா, நானும் பாக்கல.

ஒன்று போட்ட அறுபது பேரும் படம் பார்க்கவில்லை. பத்துப் போட்ட நாமும் படம் பார்க்கவில்லை. அவர்கள் வெறுப்பால் பொய் சொன்னார்கள்; நாம் அன்பால் பொய் சொன்னோம். இரண்டையும் கூட்டி, வகுத்து, ஓர் எண்ணைப் போட்டு, இதுதான் இந்தப் படத்தின் தரம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்தத் தளம். அந்த எண்ணை நம்பி ஒருவர் தியேட்டரைத் திறக்கிறார், இன்னொருவர் மூடுகிறார்.

மறுநாள் என்ன நடந்தது? ஒரே இடத்திலிருந்து மொத்தமாக வந்த வாக்குகள் என்று நம் தோட்டத்து வாக்குகளை எல்லாம் அந்தத் தளத்துக்காரர்கள் அழித்துவிட்டார்கள். பல ஊர்களிலிருந்து அந்த அறுபது பேர் போட்ட ஒற்றை மதிப்பெண்கள் அப்படியே நின்றன. படத்தின் பெயருக்குக் கீழே, "சந்தேகத்துக்குரிய வாக்குகள்" என்று சிவப்பில் ஓர் அறிவிப்பு. தியேட்டர்காரர் அதைப் பார்த்தார். "லக்குணு ஒக்கொம பொருனே நங்கி" என்றார். மார்க்கெல்லாம் பொய்யாச்சே தங்கச்சி! அதோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது. அனோஜா மறுபடி தையல் மெஷினுக்கே போய்விட்டாள்.

போகுமுன் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் அவள் போனில் இருந்தது. சண்டை போடவில்லை. சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தலைவர் மாமா, எங்கம்மா எப்ப படம் பாத்தாங்க?"

நான் விரித்தது பழைய செக்ரோல். தெரேசம்மாவின் பெயர் அதில் வெட்டப்படாமல் இருந்திருக்கிறது. நான் வாசித்திருக்கிறேன். செத்துப்போன தாய், தன் சாவைப் பற்றிய படத்துக்குப் பத்துக்குப் பத்துப் போட்டிருக்கிறாள்! என்னைப் போல ஒரு பாவி உண்டா?

இன்னும் ஒன்று இருக்கிறது. அழிந்ததில் ஒன்று மட்டும் உண்மையான வாக்கு. அதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் ஜெயம்மாவின் வாக்கு. தெரேசம்மாவைச் சுமந்துகொண்டு ஓடியவர்களில் ஒருத்தி. நமக்கு முதல்நாளே, அதே களத்தில் நின்று, படத்தை முழுசாகப் பார்த்து, தன் மகளின் போனில் எழுதிப் போட்டிருக்கிறாள். நம் பொய்யோடு அவள் மெய்யும் போயிற்று. அனோஜா அதைப் படிக்கவே இல்லை. "நீயே சொல்லிரு தலைவரே, அந்தப் புள்ள மொகத்தப் பாத்து என்னால சொல்ல ஏலாது" என்றாள் ஜெயம்மா. நாலு மணி பஸ்ஸில் கட்டுநாயக்க கார்மெண்ட்ஸுக்குத் திரும்ப வேண்டிய அனோஜா கடைசி வரிசையில் இருக்கிறாள். கேளம்மா. இதுதான் உன் படத்துக்குக் கிடைத்த ஒரே விமர்சனம்:

"தெரேசம்மாவ சாக்குப் படங்குல போட்டு தூக்குனதுல நானும் ஒருத்தி. படத்துல அவ பேசாம செத்துப் போறா. நெசத்துல தண்ணி கேட்டா. எங்ககிட்ட தண்ணி இல்ல. அதுக்காக மூனு கொறச்சு ஏழு போடுறேன். மத்ததெல்லாம் நெசம்."

அந்த ஏழ வாங்கிக்கம்மா. நான் போட்ட பத்த மன்னிச்சிரு.

யாராச்சும் அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க.

மக்களே, இன்று படத்தைப் பாருங்கள். முழுசாகப் பாருங்கள். முடிந்ததும் இந்த ஒலிவாங்கிக்கு வந்து, கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். குறை இருந்தால் அவள் முன்னாலேயே சொல்லுங்கள். ஒரு பொய்யனின் பேச்சை இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டவர்களுக்கு என் நன்றி. சுதாகரன், ஜன்னலைச் சாத்து. வணக்கம்.