உடையாத உருண்டைகள்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ. எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி கல்லூரி ஆராய்ச்சி மாணவி, மற்றவள் அதே ஆய்வகத்தில் பாட்டில் கழுவுகிறவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"உயிருக்கு முன்னாடி பைதான்க்கா வந்திருக்கணும்," என்றாள் மாணவி.

"இன்னா பை?"

"கொழுப்புப் பை. ஆதி பூமியில தேங்கின குட்டையில கொழுப்பு தானா கூடி, உருண்டையா மூடிக்கிட்டிருக்கலாம். உள்ள, வெளியன்னு ரெண்டு பக்கம் அப்பதான் வந்திருக்கும். அதைத்தான் பாட்டில்ல செஞ்சு பாக்குறேன். இந்த வாரமும் திரிஞ்சு போயிருந்தா ஆராய்ச்சிய விட்டுட்டு ஊருக்குக் கிளம்பியிருப்பேன்."

"போர் தண்ணில சோப்பே திரியுது, உன் கொழுப்பு திரியாதா? அதுலதான் இவ்ளோ நாளு கழுவிகினு இருந்தேன். கேன் தண்ணில அலசினதும் இன்னா ஆச்சு, அத சொல்லு."

"காலைல மைக்ராஸ்கோப்புல பார்த்தேன். கண்ணுக்கு எட்டின மட்டும் உருண்டை. ஒண்ணுகூட உடையல."

கழுவுகிறவள் மாணவியின் போனை வாங்கி, அந்த உருண்டைகளின் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோர் பக்கமும் திருப்பினாள்.

"பாத்துக்கோங்க. உசுரு இப்டித்தான் ஆரம்பிச்சிருக்கும்ன்றாங்க. நான் கழுவுன பாட்டிலு."

ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தானும் பார்க்கக் கையை நீட்டினார்.