அம்மா போட்ட குழி

— “1951 ஜூலை 22, ஞாயிறு. எல் மிராஜ் வறண்ட ஏரி வேகப்பந்தயம், கலிபோர்னியா. வண்டி எண் 214. ஓட்டியவர் ரஸ் ஹாலக். வேகம் மணிக்கு 131.58 மைல்.” இதுதான்கா சங்கத்துக் கடுதாசியோட தலைப்பு.

— அது எனக்கே தெரியும். அப்பாவுக்கு அன்னைக்குக் கொடுத்த பித்தளை வில்லை என் இழுப்பறையிலதான் கிடக்கு. கீழ படி.

— ஒரு டோனட்டாவது எடுத்துக்கோயேன். சூடா வாங்கிட்டு வந்தேன்.

— கிளைட், நான் ரெண்டு கையாலயும் இந்தப் பின்மூடியைத் தாங்கிட்டு நிக்கறேன். விட்டா பெயின்ட் போயிடும். கண்ணாடி வீட்டுக்குள்ள இருக்கு. உன்னைப் படிக்கச் சொன்னேன், பரிமாறச் சொல்லலை.

— அட விடுக்கா, படிக்கறேன். “அன்புள்ள நோரீன் ஹாலக் அவர்களுக்கு. எங்கள் வரலாற்றுக் குழுவினர் மூவர் மார்ச் 14 அன்று தங்கள் பட்டறைக்கு வந்து வண்டியைப் பார்வையிட்டனர். வேலைத்திறனைப் பொறுத்தவரை, இதுவரை அவர்கள் பார்த்த எதுவும் இதற்கு ஈடாகாது.” கேட்டியா? ஈடாகாதாம்!

— மேல.

— “விளக்கடித்துத் தேடியும் வெல்டிங் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பள்ளத்தை நிரப்பும் பட்டி எங்குமே பூசப்படவில்லை. கருவிகள் அனைத்தும் வீட்டிலேயே செய்தவை என்பதை எங்கள் குழுவினர் முதலில் நம்பவில்லை.”

— அதுல ஒரு குண்டன், பௌலிங் பந்தைத் தூக்கிப் பார்த்துட்டு, மேடம் விளையாடுவீங்களான்னான். விளையாடினது என் புருஷன், பின்பக்க வளைவு முழுக்க நான் இது மேல வச்சுத் தட்டினதுன்னேன். டுவேன் என்னை விட்டுட்டுப் போனப்ப மறந்து வச்சிட்டுப் போனதுல உருப்படியானது அது ஒண்ணுதான்.

— அந்தச் சக்கரத்தைக் காட்டினியா? ரெண்டு உருளைக்கு நடுவுல தகடை விட்டு இழுப்பியே.

— காட்டினேன். கீழ் உருளை லாரி பேரிங், மேல் உருளை கிடங்குல ஓடற தள்ளுவண்டிச் சக்கரம், சட்டம் பழைய பாலத்து இரும்பு. தகடை வச்சுத் தட்டற தண்டவாளத் துண்டையும் காட்டினேன். குனிஞ்சு குனிஞ்சு படம் எடுத்துக்கிட்டாங்க. சரியா சொல்லு, அதுக்கப்புறம் என்ன எழுதியிருக்கு?

— “ஆனால்.”

— ம். வந்துடுச்சா.

— “ஆனால், 1951-இல் எடுத்த புகைப்படத்தில் பின்தகட்டின் இடப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி தெளிவாகத் தெரிகிறது. தங்கள் வண்டியில் அது இல்லை. அடிச்சட்டத்தை இருமுறை மாற்றியதாகத் தங்கள் தந்தையே எழுதி வைத்துள்ளார். எனவே பாடி ஒன்றே சான்று. பித்தளை வில்லையை எந்த வண்டியிலும் பொருத்திக்கொள்ளலாம். ஆகவே 214 என்ற எண்ணையும் ரஸ் ஹாலக் அவர்களின் பெயரையும் தங்கள் வண்டிக்கு வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம்.”

— வருந்தறாங்களா.

— “ஜூலையில் நடக்கும் பழைய வண்டிகளின் ஓட்டத்தில், வீட்டில் கட்டிய புதிய வண்டிகள் என்ற பிரிவில் தாங்கள் கலந்துகொள்ளலாம். கட்டியவர் நோரீன் ஹாலக். கட்டிய ஆண்டு 2004.”

— புது வண்டி.

— அக்கா, உக்காரு கொஞ்சம்.

— பதினோரு வருஷம்டா. கோழிக்கொட்டகைக்குப் பின்னாடி பாதி மண்ணுல புதைஞ்சு கிடந்ததைத் தோண்டி எடுத்தேன். இந்த வலது காது சுத்தியல் சத்தத்துல போச்சு. புது வண்டியாம்.

— நீ அவங்ககிட்ட குழியைப் பத்தி என்னதான் சொன்ன?

— உள்ளதைச் சொன்னேன். இது அதே தகடுதான், குழியை நானே தட்டி எடுத்தேன்னேன். அடையாளம் எங்கேன்னான். அடையாளம் தெரிஞ்சா அது என்ன வேலைன்னு கேட்டேன்.

— அவங்ககிட்டயே அப்படிக் கேட்டியா?

— பின்ன? நாப்பது மணி நேரம். மேடு, பள்ளம், மேடு, பள்ளம்னு, உள்ளங்கையால தடவித் தடவிப் பார்த்து. ஒரு படம்கூட எடுத்து வைக்கலை. வேலை பண்ணும்போது எவன் படம் எடுப்பான்?

— எடுத்திருக்கணும். ஊர்ல எவனாவது சாட்சியைச் சுத்தியலால அடிச்சு அழிப்பானா? உன்னால மட்டும்தான் முடியும்.

— எதுக்கு அழிச்சேன்னு உனக்குத் தெரியாதா? நீயும் அதே மேசையிலதானே சாப்பிட்ட.

— அப்பா வேடிக்கையா சொன்னதுக்கா.

— வேடிக்கையா? வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அந்தப் படத்தை நீட்டுவார். இது என் வண்டி, இது என் சாதனை, இது என் பொண்டாட்டி போட்ட குழி. அன்னைக்கு அம்மா பின்னாலேர்ந்து லாரியால தள்ளலைன்னா அந்த வண்டி நின்ன இடத்தை விட்டு நகர்ந்திருக்காது. கொஞ்சம் வேகமா முட்டிட்டாங்க, அவ்வளவுதான். அந்த முட்டல் இல்லைன்னா நூத்தி முப்பத்தஞ்சு போயிருப்பேன்னு முப்பது வருஷம் சொல்லிட்டிருந்தார். அம்மா கூடச் சேர்ந்து சிரிப்பாங்க. அப்புறம் உள்ள போய்க் குழாயைத் திறந்து விடுவாங்க. பாத்திரமே இருக்காது, தண்ணி மட்டும் ஓடும்.

— அதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை.

— உனக்கு எப்படி இருக்கும். ஜூலைல அம்மாவைப் பக்கத்து இருக்கையில உக்கார வச்சு, எண் 214-ன்னு ஒலிபெருக்கியில கூப்பிடும்போது, ஒருத்தன் கூடப் பின்னால பார்த்துச் சிரிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அது ஒண்ணுதான் கேட்டேன். சரி, மீதியைப் படி.

— அவ்வளவுதான்கா. கையெழுத்து, முத்திரை.

— உறை கனமா இருந்ததே. ரெண்டு தாள்.

— ரெண்டாவது ஏதோ விண்ணப்பப் படிவம்.

— கிளைட்.

— சத்தியமா, சும்மா…

— இந்த மூடிக்குக் கீழ அந்தக் கட்டையை முட்டுக் கொடு. ம். இப்ப என் கை காலி. நீயா படிக்கறியா, நான் போய்க் கண்ணாடி எடுத்துட்டு வரவா?

— படிக்கறேன். நீ மட்டும் அந்தச் சுத்தியலைக் கீழ வை.

— அது பாட்டுக்கு இருக்கும். படி.

— “214 என்ற எண், ஏப்ரல் 3 அன்று பார்வையிடப்பட்ட வேறொரு வண்டிக்கு வழங்கப்படுகிறது. அதன் பின்தகட்டில் உள்ள குழி புகைப்படத்தோடு ஒத்துப்போகிறது. 1951-இல் லாரியை ஓட்டிய ஆர்டித் ஹாலக் அவர்களே குழியைத் தொட்டுப் பார்த்து, தாம் உண்டாக்கியது இதுவே என்று எழுதிக் கையொப்பமிட்டுள்ளார்.”

— அம்மாவா?

— ஆமா.

— யார் வண்டி?

— அக்கா…

— என்ன எழுதியிருக்கோ அதைச் சொல்லு.

— “உரிமையாளர், கிளைட் ஹாலக், பாம்டேல்.” அக்கா, திட்டவாவது செய்.

— உனக்கு ஏதுடா வண்டி?

— நீ கொடுத்ததுதான்.

— நான் எப்பக் கொடுத்தேன்?

— சனிக்கிழமை சனிக்கிழமை. “கிளைட், லாரியைக் கொண்டா, இந்தக் குப்பையை மொஹாவி பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வா.” மொத தடவை இடது கதவுத் தகடு. கடை வாசல் வரைக்கும் போனேன். இறக்க மனசு வரலை. அப்பா கை வச்சு ஓட்டின கதவுக்கா அது. அதை எடைக்குப் போடச் சொல்ற. திரும்பிட்டேன். அடுத்த வாரம் தரைத்தகடு. அதுக்கடுத்து முன்பக்கத்துக் கீழ்ப்பகுதி. அப்பாவைத் துண்டு துண்டா வெட்டி என் லாரில ஏத்திவிட்ட. நீ புதுசு அடிச்சுக்கிட்டே இருந்த, நான் பழசைச் சேர்த்துக்கிட்டே இருந்தேன்.

— ஒரு வார்த்தை சொல்லலையே.

— நீ ஒரு வார்த்தை கேட்டியா? பதினோரு வருஷத்துல ஒரு நாள், கிளைட், இந்தா, நீயும் ஒரு தட்டு தட்டுன்னு சொல்லியிருக்கியா? எனக்குக் கொடுத்த வேலை குப்பை அள்றது. அப்பாவும் இப்படித்தான். அவன் தொட்டா விளங்காதுன்னு வண்டியை உனக்கு எழுதினார். எனக்கு ஒரு கைக்கடிகாரம். அதுவும் ஓடாதது.

— அதனால திருடின.

— நீ வேணாம்னு தூக்கிப் போட்டதை எடுத்தேன். அது எப்படித் திருட்டு?

— கட்டினது யாரு? உனக்குத்தான் ஆணியே நேரா அடிக்க வராதே.

— பாம்டேல்ல ஒரு கடை. பாதி இடத்துக்கு விலைக்கு வாங்கின தகடு. எட்டு டப்பா பட்டி போயிருக்கு. உன் வேலைக்குப் பக்கத்துல நிறுத்தினா சிரிப்பாங்க, எனக்கே தெரியும். ஆனா அது அவர் வண்டி.

— அம்மாவை எப்பக் கூட்டிட்டுப் போன?

— ஈஸ்டருக்கு முந்தி. இங்க வந்து உன் வண்டியைப் பார்த்தாங்களே, அதுக்கடுத்த வாரம்.

— இங்க சுத்திச் சுத்தி வந்தாங்க. ரொம்ப அழகா இருக்கே, யாருதும்மா இதுன்னாங்க. கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சேன்.

— என்கிட்ட அப்படிக் கேக்கலை. நேரா பின்பக்கம் போனாங்க. குழியில கையை வச்சாங்க. ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை.

— என்ன சொன்னாங்க?

— ஆமாப்பா, நான்தான் போட்டேன், அவர் சொன்னது சரிதான்னாங்க. குழுக்காரர் தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டுட்டாங்க.

— எழுபத்தொன்பது வயசுல மறுபடி ஒத்துக்க வச்சிருக்க. மூணு பேருக்கு முன்னாடி. எழுத்துல.

— உண்மையைத்தானே சொன்னாங்க! பொய் சொன்னது நீ. குழியைத் தட்டி எடுத்தேன்னு குழுக்காரங்ககிட்ட எதுக்குப் புளுகின? அந்தத் தகடை முழுசா கழட்டித் தூக்கிப் போட்டவ நீ. என்கிட்ட இருக்குன்னு தெரியாம வாயைக் கொடுத்துட்ட. நான் அங்க ஒண்ணும் சொல்லலை, உன் மானம் போகக் கூடாதுன்னு.

— ரொம்ப பெரிய மனசு. சரி, எல்லாம் முடிஞ்சிடுச்சே, டோனட் வாங்கிட்டு ஓடி வந்தது எதுக்கு?

— கடுதாசி வர்ற நேரத்துல நீ தனியா இருக்க வேணாம்னுதான்.

— சரியா சொல்லு.

— …ஒரு உதவியும் வேணும்.

— நினைச்சேன்.

— கடைக்காரன் கைவிட்டுட்டான்கா. எல்லாம் ஒரு மாதிரி உக்காந்துடுச்சு. பின்தகடு மட்டும் சேரவே மாட்டேங்குது. அறுத்துப் பார்க்கலாம்னா குழுக்காரங்க ஒரிஜினலைத் தொடாதேன்னுட்டாங்க. ஜூலைக்கு மூணே மாசம். உன்னை விட்டா இதை யார் பண்ணுவா? அப்பாவுக்காகப் பண்ணிக் கொடேன்.

— எங்க சேரலை?

— ஓரத்துல.

— இடப்பக்கம் கீழ்மூலையா?

— ஆமா.

— கால் அங்குலம் நிக்குதா?

— கால் அங்குலம்தான். நீ வந்து பார்த்தியா என்ன? அம்மா சொன்னாங்களா?

— தூக்கினா எப்படி இருக்கு?

— செம கனம். அந்தக் காலத்து இரும்புக்கா! இப்ப எவன் அவ்வளவு தடிமனா போடறான்? மத்த துண்டையெல்லாம் ஒத்தைக் கையால தூக்கிடலாம், இதுக்கு மட்டும் ரெண்டு கை வேணும்.

— உள்பக்கம் பழைய பெயின்ட் இருக்கா? சிவப்பு. மத்த துண்டுல எல்லாம் இருக்குமே.

— இதுல இல்லை. சுத்தமா துரு தின்னுடுச்சு. எதுக்கு இப்படிக் குடையற?

— ஒரு வருஷம், கீழ் ஓரம் முழுக்க இத்துப்போச்சே, பழைய பின்தகடு தேறாதுன்னு நினைச்சேன். புதுசா ஒண்ணு அடிச்சேன். அப்ப கைல இருந்தது தடித்த தகடு, பதினெட்டு கேஜ். படத்தைப் பார்த்து குழியையும் போட்டேன், மர உருளையை வச்சு, ஒரே அடி. குழி அச்சு அசலா விழுந்துச்சு. ஆனா இடப்பக்கம் கீழ்மூலை கால் அங்குலம் சேரலை. அதை வேலி ஓரமா வீசிட்டு, பழசுக்கே கீழ் ஓரம் ஒட்டுப் போட்டேன். வீசினது ரெண்டு குளிர்காலம் வெளிய கிடந்தது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை நீ வந்து ஏத்திட்டுப் போன.

— பொய். கடுப்புல பேசற.

— இங்க வா. கையை இங்க வை. இன்னும் கீழ. ம், அங்கதான். என்ன தெரியுது?

— ஒண்ணும் தெரியலை. கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு.

— அம்மா போட்டது அங்கதான் இருந்தது. உன்கிட்ட இருக்கிறது 2001 மார்ச்ல நான் போட்டது.