நூற்றுக்கு நூறு வாங்கிய சந்திப்பு

ஹலோ… ஆமாங்க, நான்தான்… எங்க இருக்கேனா? உங்க ஆய்வுல நெரிசலே இல்லைன்னு நூத்துக்கு நூறு போட்டீங்களே, அந்த நாலு ரோட்டுச் சந்திப்புல. பாலத்துக்குக் கீழ, டாக்ஸிக்குள்ள… ஆமா, ஆமா, பென் டிரைவ் பையிலதான் இருக்கு. வீட்ல மறந்துட்டுப் போனது நீங்க, கத்துறது என்கிட்டயா?

…என்னது? உங்க திரையில பச்சை காட்டுதா? நெரிசலே இல்லையா? அப்ப நான் கனவு காணுறேன் போல. டிரைவர் இன்ஜினை அணைச்சுட்டு சீட்டைச் சாய்ச்சுப் படுத்துட்டாரு. பக்கத்துக் கார்ல ஒரு அம்மா பிள்ளைக்கு வீட்டுப்பாடமே முடிச்சுட்டாங்க.

…இருங்க, இருங்க. உங்க சிக்னல் கேமரா எதை எண்ணுது?… கோட்டைத் தாண்டுற வண்டியை… ம்… ம்… ஒரு வண்டியும் தாண்டலைன்னா?… ‘போக்குவரத்து குறைவு’ன்னு பச்சை போட்டுக்குமா! அடக் கடவுளே! மாசக்கணக்கா வீடு வாசல் மறந்து உட்கார்ந்து கிழிச்சது இதைத்தானா? ஆபீஸ்ல ஒருத்தருக்குமா தோணலை?

…கோபப்படாதீங்க. தினம் இதே வழியில வேலைக்குப் போறவ நான். ஒருநாள் என்கூட பஸ்ல வந்து பாருங்கன்னு கெஞ்சினேன். ‘உனக்கு இதெல்லாம் புரியாது’ன்னு உங்க தங்கச்சி முன்னால சிரிச்சீங்க. அது எனக்கு இன்னும் ஆறலை.

…தெரியும்ங்க. ஊர் ரோடெல்லாம் வழுக்கிட்டு ஓடுதுன்னு நீங்க இன்னைக்குக் கூட்டத்துல பேசினாத்தான் பதவி உயர்வு. எனக்கு மட்டும் ஆசை இல்லையா?… இறங்கி ஓடி வரவா? இந்த ஹீல்ஸ் செருப்போடயா?… சரி, சரி, இறங்கிட்டேன். இதோ பாருங்க, நொண்டி நொண்டி நடந்தே பத்து வண்டியைத் தாண்டிட்டேன்.

…ஏங்க. முன்னாடி நிக்கிற கறுப்புக் கார் உங்க சீஃப் இன்ஜினியரோடதுதானே? அவர் வராம கூட்டமே ஆரம்பிக்காதுன்னீங்களே… அவரேதான். வேர்த்து வடிய ரோட்ல நின்னு எட்டி எட்டிப் பாக்குறாரு… ஒளியறதா? எங்க ஒளியறது, பாத்துட்டாரு…

வணக்கம் சார்… ஆமா சார், அவர் மனைவிதான்… அவர் மறந்துட்டுப் போன பென் டிரைவைக் கொண்டு போறேன்… லைன்ல அவர்தான் சார். இங்க நெரிசலே இல்லைன்னு சொல்லிட்டிருக்காரு.

…என்னங்க இப்படிக் கத்துறீங்க?… பென் டிரைவைக் குடுக்கக் கூடாதா? அவர் கையை நீட்டுறாரே!

இந்தாங்க சார், அவர் பேசப்போறது பூரா இதுலதான் இருக்கு. கார்லயே போட்டுப் பாருங்க, நேரம் நிறைய இருக்கு…

ஹலோ?… ஏங்க?… வச்சுட்டாரு சார்.