தட்டிப் பார்த்த கல்

நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் முகம் வெளிச்சத்தில் இருந்தால் எனக்குப் பேச வசதியாக இருக்கும். கிராணி எழுதிக்கொள்ளட்டும். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சபாபதி. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆற்றோரச் செங்கல் சூளையில் இருபத்திரண்டு வருடம் கல் தட்டிப் பார்க்கிற வேலை. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால், வெந்த கல் வெண்கலம் மாதிரி கணீரென்னும். வேகாத கல் பொத்தென்னும். நிறத்தை நம்பக் கூடாது. மேலே சிவந்து உள்ளே வேகாமல் பச்சையாக இருக்கும். கோலாலம்பூரில் பாதிக் கட்டடம் என் காதைக் கேட்டுத்தான் எழும்பியது என்று சொல்லித் திரிந்தவன் நான். கொஞ்சம் தலைக்கனம்தான்.

அந்தக் காது, வேலைக்குச் சேர்ந்த இருபத்து மூன்றாம் வருடம் போயிற்று. முதலில் கொசுவின் சத்தம் நின்றது. அப்புறம் தகரக் கூரையில் மழை விழுவது கேட்கவில்லை. கடைசியில் ஆட்கள் பேசுவதும் போனது. அதற்குள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தேன்.

கண்டுபிடித்தவள் என் மகள் நல்லம்மாள் ஒருத்திதான். தாயில்லாப் பிள்ளை. பழனியப்பன் என்ற கொத்தனாருக்குக் கட்டிக்கொடுத்து, மூவரும் ஆற்றங்கரைக் கூலியாட்கள் லயத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு நாள் சாப்பிடும்போது, குழம்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் சத்தமே போடலப்பா. சும்மா உதட்டத்தான் அசைச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்திச் சொன்னாள்: "மொதலாளி தவுக்கேகிட்ட சொல்லிடுங்கப்பா. வேற வேல பாத்துக்கலாம்."

செவிட்டுக் கிழவனுக்கு யார் வேலை தருவார்கள், ஐயா? ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? அவள் கையை அவள் தலையிலேயே வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினேன். புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை.

மறு வருடம் எங்கள் லயத்துக்குப் பின்னால் வெள்ளத் தடுப்புச் சுவர் எழும்பியது. கல் எங்கள் சூளைக் கல். மழைக்காலம், விறகெல்லாம் ஈரம். நான் வழக்கம் போலத் தட்டினேன், தலையைச் சாய்த்துக் கேட்டேன், ஏற்றுங்கள் என்று கையைக் காட்டினேன். ஆனால் கல்லைத் தட்டினால் உள்ளங்கைக்கும் ஓர் அதிர்வு தெரியும். வேகாத கல்லில் அது இருக்காது. அந்தச் சூளைக் கல் எதிலுமே அது இல்லை. ஒரு சூளை முழுவதையும் கழித்தால் தவுக்கே இன்னொருவனைக் கூட்டி வந்து தட்டச் சொல்வான், என் காதைப் பற்றிப் பேச்சு வரும். அதனால் ஏற்றிவிட்டேன்.

சுவர் வேலை நடக்கும் இடத்தில் பழனியப்பன் இரண்டு கல்லோடு என்னிடம் வந்தான்.

"மாமா, கல்லு சத்தமே சரியில்ல. நீங்களே கேளுங்க."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கே கல்லப் பத்திச் சொல்ல வந்துட்டியா? போ லா, உன் சுண்ணாம்பப் பாரு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாமல் அவன் கட்டினான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு டிசம்பரில் வந்த பெருவெள்ளம் உங்களுக்கே தெரியும். மூன்றாம் நாள் பகலில் சுவர் அப்படியே லயத்தின் மேல் சாய்ந்தது. ஒன்பது பேர். நல்லம்மாள் அடுப்படியில் இருந்திருப்பாள் என்று நான் பின்பக்கம் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் கிடந்தது வாசல் பக்கம், பத்தடி தள்ளி. சாயங்காலம் எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது. அந்தச் சூடு இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை, ஐயா.

விசாரணையில் கல் அத்தனையும் கணீரென்று இருந்தது, கலவையில்தான் சுண்ணாம்பு குறைவு என்று சாட்சி சொன்னது நான்தான். இருபத்திரண்டு வருடத்துக் காது, நம்பினார்கள். பழனியப்பனுக்கு மூன்று வருடம் கிடைத்தது. போன வாரம் அந்தச் சுவரைத் திரும்பக் கட்ட, கல் தட்ட என்னையே கூப்பிட்டார்கள். இரண்டு கல்லைக் கையில் எடுத்தேன், தட்ட முடியவில்லை. கீழே வைத்துவிட்டு இங்கே வந்துவிட்டேன்.

பச்சைக் கல் என்று தெரிந்தே அனுப்பினேன். பழியை மாப்பிள்ளை மேல் போட்டேன். ஒன்பது பேரையும் கொன்றவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். வெள்ளத்தைத் தாண்ட முடியாமல் எதிர்க்கூரையில் நின்ற பழனியப்பன், நல்லம்மாள் ஒரு மணி நேரம் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாள் என்றும், தண்ணீர் இரைச்சலில் மாமாவுக்குக் கேட்கவில்லை என்றும் கோர்ட்டில் எனக்காகப் பரிந்து சொன்னான். அது தப்பு. பத்தடியில்தான் நின்றேன். என் பிள்ளை கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.